கப்பலேறும் நாள் கொண்டாட்டமே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! திண்டாட்டமே என்று வாதாடிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

உல்லாசக் கப்பல் பயணத்தில் கப்பலேறும் நாள் கொண்டாட்டமா, திண்டாட்டமா? இது தலைப்பு. நடுவர் அவர்களே, நம்ம ஊரில் ரொம்ப நாளாக மானம் மட்டும்தான் கப்பலேறிக்கொண்டிருந்தது. "மானம் கப்பலேறிப் போச்சே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இப்போதுதான் கூடவே மனிதர்களும் ஏற ஆரம்பித்திருக்கிறார்கள்! (சிரிப்பு) 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலேறிப் பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு வருகிற குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. சீட்டு எடுத்த பணத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் அழைத்துப் போகிறார்கள். ஆகவே இது யாரோ கோடீஸ்வரன் வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அடுக்கினார். வரிசையில் கால் கடுக்க நிற்க வைக்கிறான், பெட்டியை வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் தருகிறான், இஸ்திரிப் பெட்டியைக்கூட உள்ளே விட மாட்டேன் என்கிறான், போதாக்குறைக்குச் சங்கை ஊதி ஒத்திகைக்கு வா என்கிறான், இதில் எங்கேயய்யா கொண்டாட்டம் என்று கேட்டார். நல்ல கேள்வி. வரிசைப்படி பதில் சொல்ல எனக்கு நேரம் போதாது. எது கனமோ அதற்கு நேரம் ஒதுக்குகிறேன்.

முதலில் நேரத்துக்கு வருவோம். "மூன்று மணி நேரம் முன்னாடியே வரச் சொல்றான், கப்பல் என்ன ஓடியா போயிடும்?" என்று கேட்டார்கள். அம்மா, ஓடித்தான் போய்விடும்! தமிழ் படித்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்று ஒருவன் வருகிறான். கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி வைத்திருந்தவன். சாவக நாட்டுக்குக் கப்பலேறிப் போகிறான். நடுவில் மணிபல்லவத் தீவில் கப்பல் நிற்கிறது. இவன் இறங்குகிறான். இவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இரவோடு இரவாகக் கப்பலை விட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் சோறு போடுகிற பாத்திரம் கையில் இருக்கிறது, சோறு வாங்க அந்தத் தீவில் ஓர் ஆள் இல்லை. தனக்கு மட்டும் எதற்கு என்று உண்ணாமல் இருந்தே உயிர் விட்டான். கப்பலைத் தவறவிட்டவன் கதை தமிழில் அப்போதே எழுதப்பட்டாயிற்று. ஆபுத்திரனுக்கு நேர்ந்தது என்ன? ஏறினானா இல்லையா என்று யாரும் தலையை எண்ணிப் பார்க்கவில்லை.

இன்றைக்கு எண்ணுகிறார்கள். நீங்கள் ஏறும்போது உங்கள் முகத்தைப் படம் எடுத்து, கையில் ஓர் அட்டையைக் கொடுக்கிறார்கள். அந்த அட்டைதான் அறைச் சாவி, அதுவே பணப்பை. கப்பலுக்குள் ரொக்கம் அநேகமாகச் செல்லாது, எல்லாம் அந்த அட்டையில் ஏறிக் கடைசியில் கணக்கு வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கருவியில் காட்டினால் "டிங்" என்று ஒரு சத்தம், திரையில் உங்கள் முகம். உள்ளே யார், வெளியே யார் என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் வெளியே இருப்பது தெரிந்தாலும் கப்பல் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை! புறப்படுகிற நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்பாகவே ஏறுவழியை மூடிவிடுவார்கள். பயணிகள் பட்டியலை முடித்துத் துறைமுகத்தில் கொடுக்க வேண்டும். "அஞ்சு மணிக் கப்பல், நாலே முக்காலுக்குப் போனாப் போதும்" என்பது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குச் சரி. கப்பல்துறைக்கு உதவாது. (கைதட்டல்) சென்னையிலிருந்து காலை விமானத்தில் போய் அன்றைக்கே சிங்கப்பூரில் கப்பலேறுகிறேன் என்பவர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன்: முதல் நாளே போய்விடுங்கள். விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் விமானக் கம்பெனி ஒரு சாண்ட்விச் கொடுக்கும். கப்பலைக் கொடுக்காது.

காகிதங்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் ஏறி, மலேசியா, தாய்லாந்து பார்த்து, மறுபடியும் சிங்கப்பூரில் இறங்கினால் நீங்கள் அந்த நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். ஒரு முறை நுழைய மட்டும் விசா வாங்கிக்கொண்டு போனவரைக் கப்பலடியிலேயே நிறுத்திவிடலாம். விசாவில் எத்தனை முறை என்று போட்டிருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா, இந்த இரண்டையும் வீட்டிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

அடுத்தது பெட்டி. "என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அதில் ஒரு சீட்டை ஒட்டி, எங்கேயோ தள்ளிக்கொண்டு போய்விட்டான்" என்று அம்மையார் கண் கலங்கினார். இதுவும் நமக்குப் புதிதா? பட்டினப்பாலையை எடுத்துப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடலிலிருந்து நிலத்துக்கு வந்த சரக்கும், நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் சரக்கும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. சோழனின் அதிகாரிகள் ஒவ்வொன்றிலும் புலி முத்திரை பொறித்து அனுப்புகிறார்கள். அந்தப் புலிதான் இப்போது பட்டைக்கோடு போட்ட காகிதமாகி உங்கள் பெட்டியின் கைப்பிடியில் தொங்குகிறது! (கைதட்டல்) ஆயிரக்கணக்கானவர்களின் பெட்டிகளை ஊடுகதிரில் பார்த்து, தளம் தளமாகப் பிரித்து, ஒவ்வோர் அறை வாசலிலும் வைக்க வேண்டும். மதியம் கொடுத்த பெட்டி சாயங்காலம் வரும், சில நாள் இரவுச் சாப்பாட்டு நேரம்கூட ஆகும்.

ஆகவே தோளில் ஒரு சிறு பை வேண்டும். அதில் பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி. எல்லாவற்றுக்கும் முதலில் மருந்து. 2023 டிசம்பரில் நானும் என் துணைவியாரும் போனபோது சிங்கப்பூர் மெரினா பே கப்பல் முனையத்தில் பார்த்தேன். சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம். மகன் பெங்களூரில் வேலை. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, கூட மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பெட்டியெல்லாம் போன பிறகு அந்த அம்மா கேட்டார்: "தம்பி, என் சுகர் மாத்திரை எங்கப்பா?" மகன் பெருமையாகச் சொன்னார்: "பத்திரமா பெரிய பெட்டியில வெச்சுட்டேம்மா!" பத்திரம்தான்! ஸ்டேட் பாங்க் லாக்கரைவிடப் பத்திரம். ராத்திரி ஏழு மணி வரைக்கும் யாராலும் எடுக்க முடியாது. (சிரிப்பு) நல்லவேளையாக என் துணைவியாருக்கும் அதே சர்க்கரை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது, விசாரித்தால் மாத்திரையும் அதே மாத்திரை, அதே அளவு. இப்படி ஒரு பொருத்தம் எல்லாருக்கும் அமையுமா? இந்தக் குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்கள்.

இஸ்திரிப் பெட்டி விஷயம். இஸ்திரிப் பெட்டி மட்டுமில்லை. தண்ணீர் சுடவைக்கிற கெட்டில், நம்ம வீட்டு எலக்ட்ரிக் ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எல்லாமே பெரும்பாலான கப்பல்களில் கூடாது. ஊதுபத்தியே கூடாது என்றால் சூடம் எந்த மூலைக்கு? வீட்டில் செய்த புளியோதரையும் கூடாது, கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கும் முறுக்குப் பொட்டலத்தை அனேகமாக விட்டுவிடுவார்கள். "இதென்னய்யா அராஜகம், சாமி கும்பிடக்கூட உரிமை இல்லையா?" என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டினார்.

ஐயா, 1985 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். நமக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த கப்பல் 'சிதம்பரம்'. இந்த அரங்கத்தில் அதில் போய் வந்தவர்கள் இருக்கலாம், அவர்களுடைய பிள்ளைகள் நிச்சயம் இருப்பீர்கள். வங்கக் கடலில் அதில் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தார்கள். அந்தக் கப்பல் அதன் பிறகு பயணிகளை ஏற்றவே இல்லை. வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலில் தெரு எங்கே இருக்கிறது? தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் இருந்து வரும்? ஓர் அறையில் மறந்து வைத்த இஸ்திரிப் பெட்டி ஆயிரம் அறைக்கும் எமன். கப்பல்காரன் சாமிக்கு விரோதி இல்லை. மனசுக்குள் கும்பிடுங்கள், புகையில்லாமல்.

இதைச் சொல்லும்போது இன்னொரு கப்பல் ஞாபகம் வருகிறது. சிதம்பரத்துக்கு முந்தியது, 'ரஜூலா'. 1926இல் கட்டிய கப்பல், 1973 வரைக்கும் நம் மக்களைச் சுமந்தது. நாகப்பட்டினத்தில் கரையிலிருந்து படகில் போய்க் கடலில் நிற்கும் கப்பலில் ஏற வேண்டும். டெக் டிக்கெட் வாங்கியவனுக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. தானே கொண்டுபோன பாயை விரித்து மேல்தளத்தில் படுக்க வேண்டும். கப்பலேறும் நாள் என்றால் அன்றைக்கு அது அழுகிற நாள். போனவன் திரும்பி வருவானா என்று தெரியாது. தாய் கரையில் நின்று அழுவாள், மனைவி அழவும் வெட்கப்பட்டு நிற்பாள். நடுவர் அவர்களே, அந்தத் தாயின் பேத்திதான் இன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதே பினாங்குக்கு வேடிக்கை பார்க்கக் கப்பலேறுகிறாள். வரிசையில் அரைமணி நேரம் நின்றதற்குத் திண்டாட்டம் என்கிறீர்களே, உங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் அவர் எந்த அணியில் உட்கார்ந்திருப்பார்? (பலத்த கைதட்டல்)

ஏறியதும் அறை கிடைக்காது, உண்மைதான். காலையில்தான் பழைய பயணிகள் இறங்கியிருப்பார்கள். கூட்டிப் பெருக்கி விரிப்பு மாற்ற மதியம் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். அதனால் என்ன? சாப்பாட்டுக்கூடம் திறந்திருக்கிறது. நம் ஆட்கள் தட்டை எடுத்துக்கொண்டு நிற்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! இதுதான் கடைசிப் பந்தி என்பதுபோல மலை கட்டுவார்கள். நான்கு நாளும் போடுவான் ஐயா, பொறுமை! சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் முதல் நாளே பரிமாறுகிறவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் அது தானாகச் செயற்கைக்கோளோடு பேச ஆரம்பித்தால், பிறகு பில்லைப் பார்த்து உங்களுக்குப் பேச்சே வராது.

இப்போது ஒத்திகைக்கு வருகிறேன். எதிரணி மிகவும் கேலி செய்தது இதைத்தான். "சங்கு ஊதுகிறான், எல்லாரும் ஓடணுமாம். பள்ளிக்கூடமா இது?" என்றார்கள். சங்கு எப்படி ஊதுகிறான் தெரியுமா? ஏழு குறில், ஒரு நெடில்! குட்டையாக ஏழு முறை, அதன் பிறகு நீளமாக ஒரு முறை. உலகத்தில் எந்தக் கொடி கட்டிய கப்பலானாலும் இதே கணக்கு. தமிழ் வாத்தியார் என்பதால் எனக்கு ஒரே தடவையில் மனப்பாடம் ஆகிவிட்டது. (சிரிப்பு) அந்தச் சத்தம் கேட்டால் உங்கள் அட்டையில் அச்சடித்திருக்கும் கூடுமிடத்துக்குப் போக வேண்டும்.

இது எப்படி வந்தது? 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. ஏறத்தாழ 2,200 பேர் இருந்த கப்பலில் 20 படகுகள், அவற்றில் 1,178 பேருக்குத்தான் இடம். அந்த இடமாவது நிரம்பியதா? முதலில் இறங்கிய படகு பாதிகூட நிரம்பாமல் போனது. எந்தப் படகு, எந்தப் பக்கம், யார் போக வேண்டும் என்று பயணிகளுக்குத் தெரியவில்லை. 1,500 பேருக்கு மேல் செத்த பிறகு, 1914இல் உலக நாடுகள் கூடிக் கடலில் உயிர் காக்க ஓர் ஒப்பந்தம் போட்டன.

"அது அந்தக் காலம் சார்" என்பீர்கள். சரி, நம் காலத்துக்கே வருகிறேன். 2012 ஜனவரி 13. இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல். 4,200 பேருக்கு மேல் இருந்தார்கள். சாயங்காலம் சிவிட்டவேக்கியா துறைமுகத்தில் ஏறத்தாழ 700 பேர் புதிதாக ஏறினார்கள். அன்றைய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும். அதனால் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அன்று இரவே, ஜிலியோ தீவை ஒட்டிப் போகும்போது கப்பல் பாறையில் மோதியது. சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களிடம் மின்சாரக் கோளாறு என்று சொன்னார்கள். கப்பலை விட்டு வெளியேறுங்கள் என்ற ஆணை வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. 32 பேர் போய்விட்டார்கள். கேப்டனுக்கு 16 ஆண்டு சிறைத் தண்டனை. நாளைக்கு ஒத்திகை என்று நம்பி ஏறிய அந்த 700 பேரை யோசித்துப் பாருங்கள். இருட்டில், சாய்கிற தரையில், எந்தக் கதவு எங்கே போகிறது என்றே தெரியாமல் நிற்கிறார்கள். அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்னாலோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும். ஆகவே அம்மையாரே, ஏறிய அன்றைக்கே உங்களை அவர்கள் தொந்தரவு செய்வதற்குக் காரணம் அந்த ஓர் இரவு.

கொரோனாவுக்குப் பிறகு பல கப்பல்களில் இதைச் சுலபமாக்கிவிட்டார்கள். அறைத் தொலைக்காட்சியில் செய்முறைப் படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். இங்கேதான் அந்தச் சிவகங்கைக் குடும்பம் மறுபடியும் வருகிறது. எங்களுக்கும் அதே கூடுமிடம். பார்க்கிறேன், மகன் மட்டும் தனியாக வருகிறார், கையில் ஐந்து அட்டை! "ஃபேமிலி கார்டு மாதிரி எல்லாத்தையும் ஒரே ஆள் காட்டினாப் போதும்னு நெனச்சேன் சார்." ரேஷன் கடையா தம்பி இது? (சிரிப்பு) அங்கே நின்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் சிரித்துக்கொண்டே, ஆனால் விடாப்பிடியாக, ஆள் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். அம்மா வரவில்லை. "அவங்களுக்கு மூட்டுவலி. ரூம்ல படுத்திருக்காங்க. அவங்களை எதுக்கு? ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் பாத்துக்குவேன்ல?"

நல்ல பிள்ளைதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் வீடுகளில் நாம் எல்லாருமே இப்படித்தான் பாசம் காட்டுகிறோம். "நீங்க படுங்கம்மா, நீங்க சிரமப்படாதீங்கம்மா." ஆனால் அந்த ஏழு குறிலும் ஒரு நெடிலும் ஒலிக்கும்போது இவர் பத்தாவது தளத்தில் நீச்சல் குளத்தில் பிள்ளைகளோடு இருந்தால்? அம்மா நான்காவது தளத்தில் தனியாகப் படுத்திருந்தால்?

அந்தப் பெண் ஆளை அனுப்பிச் சக்கர நாற்காலியில் அந்த அம்மாவை வரவழைத்தாள். வந்தவர் வெட்கப்பட்டார். "ஏந்தம்பி, நான் வந்தாத்தான் கணக்கு நேராகுமா?" என்றார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். லிஃப்ட் படத்தின் மேல் சிவப்புக் கோடு. படித்தவர்கள் நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மாதான் நின்றோம். அவர் மகனிடம் கேட்டார்: "லிப்ட்டு ஓடாதுன்னு போட்டிருக்கே. அப்ப நான் எப்புடிப்பா மேல வருவேன்?"

மகன் வாயைத் திறக்கவில்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் உடனே ஒரு தாளை எடுத்தாள். பெயர், அறை எண், நடக்க உதவி வேண்டும், எல்லாவற்றையும் எழுதினாள். ஆபத்து நேரத்தில் உதவி தேவைப்படுகிறவர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது. சங்கு ஒலித்தால் அந்தப் பட்டியலில் உள்ள அறைகளுக்கு ஊழியர்கள் தேடிப் போவார்கள். மாடிப்படியில் இறக்க, ஏற்றத் தனி நாற்காலி வைத்திருக்கிறார்கள். இதைத் தமிழில் சொன்னேன். அந்த அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, "நாலாவது மாடி, நம்பர் சரியா எழுதினுச்சான்னு ஒரு தடவை பாரு தம்பி" என்றார். அவர் அறையிலேயே படுத்திருந்தால் அந்தத் தாளில் அவர் பெயர் ஏறியிருக்காது. (கைதட்டல்)

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்கிறோம். சரி, வைக்கவில்லை. பின்னே கையை எங்கே வைப்பது? லைஃப் ஜாக்கெட்டின் எந்த வாரில் வைப்பது, எந்தக் கதவில் வைப்பது, யார் தோளில் வைப்பது? பழமொழி அதைச் சொல்லித் தரவில்லை, அந்த அரைமணி நேர ஒத்திகை சொல்லித் தருகிறது. அதைப் போய்த் திண்டாட்டக் கணக்கில் எழுதுகிறீர்களே!

ஆறு மணிக்கு எங்கள் கப்பல் கயிற்றை அவிழ்த்தது. மேல்தளத்தில் பாட்டு, ஆட்டம். சிங்கப்பூரின் உயரக் கட்டடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறுகிறது. சுற்றிலும் நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்கள். சக்கர நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார், கையில் ஐஸ்கிரீம். என் துணைவியார், "சுகருக்கு ஆகாதே அக்கா!" என்று சொல்லப் போனார். "பெட்டி வந்துருச்சு தாயி, மாத்திரை போட்டாச்சு" என்றார் அவர். பேரன் கேட்கிறான்: "அப்பத்தா, ஹார்ன் எத்தனை தடவை அடிச்சா ஓடணும்?" அவர் ஐஸ்கிரீம் கரண்டியாலேயே நாற்காலிக் கைப்பிடியில் தட்டிக் காட்டினார். ஏழு குட்டை, ஒரு நெட்டை. தப்பில்லாமல் தட்டினார். இதைத் திண்டாட்டம் என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் எதிரணியினரே!

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். ஒரு தடவை அடித்தாயிற்று. ஏழு தடவை அடித்து, நீளமாக எட்டாவதையும் அடிப்பதற்குள் நான் மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.